ஆங்கில வினைச்சொற்கள்: எந்த வகை, எத்தனை வகை?

சென்ற இதழில் ஆங்கில வினைச்சொற்கள் பற்றிய சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தோம். நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, இடம் உள்ளவரை பதில் தந்திருக்கிறேன். ஆங்கில உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, நான் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரு கைடில் வெர்ப் மூன்று வகை என்று போட்டிருக்கிறது. இன்னொன்றில் ஏழு. யூடியூபில் ஒருவர் பத்து என்று அடித்துச் சொல்கிறார். எதை நம்புவது?
– வாசகர், அரியலூர்

பதில்: மூன்றுமே சரியாக இருக்கலாம், தம்பி. அவர்கள் எண்ணுவது வேறு வேறு கணக்கு, அதுதான் விஷயம். ஒரு பஸ்ஸை அரசு பஸ், தனியார் பஸ் என்று பிரிக்கலாம், டவுன் பஸ், வெளியூர் பஸ் என்றும் பிரிக்கலாம், ஏசி உண்டா இல்லையா என்றும் பிரிக்கலாம். இந்த ஆறையும் வரிசையாக எழுதி 'பஸ் ஆறு வகைப்படும்' என்று சொன்னால் எப்படிக் குழப்பமோ, அப்படித்தான் பல கைடுகள் வினைச்சொல்லை வகைப்படுத்தி வைத்திருக்கின்றன.

உண்மையில் ஒரு வினையைப் பார்த்து ஐந்து கேள்விகள் கேட்கிறோம். அது தானே பொருள் தருகிறதா, இல்லை இன்னொரு வினைக்கு ஒத்தாசைக்கு நிற்கிறதா? இதற்குப் பதில் மெயின், ஆக்ஸிலரி. செயப்படுபொருள் கேட்கிறதா? டிரான்சிட்டிவ், இன்டிரான்சிட்டிவ் இங்கே வரும். அது செயலா, நிலையா? இது ஆக்‌ஷன், ஸ்டேடிவ். இறந்த காலத்துக்கு 'எட்' போட்டால் போதுமா, உருவமே மாறுமா? ரெகுலர், இர்ரெகுலர். கடைசியாக, வாக்கியத்தை முடித்து வைக்கும் முற்றா, எச்சமா? அதுதான் ஃபைனைட், நான்‑ஃபைனைட். ஒரே சொல் ஐந்துக்கும் பதில் சொல்லும், ஒன்று மற்றொன்றை வெட்டாது.

'ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்' என்பதில் 'ரன்' மெயின், இன்டிரான்சிட்டிவ், ஆக்‌ஷன், இர்ரெகுலர், ஃபைனைட், எல்லாமே. 'ஹி ரன்ஸ் எ டீ ஷாப்' என்று மாற்றுங்கள், அதே 'ரன்' டிரான்சிட்டிவ் ஆகிவிட்டது, ஏனென்றால் எதை நடத்துகிறான் என்ற கேள்விக்கு டீக்கடை பதிலாக வந்து உட்கார்ந்துவிட்டது. 'ஹேவ்' இன்னும் நல்ல உதாரணம். 'ஐ ஹேவ் எ பைக்' என்றால் அதுதான் மெயின் வினை. 'ஐ ஹேவ் ஈட்டன்' என்றால் அது வெறும் துணை, சாப்பிட்டது 'ஈட்டன்' வேலை. அதனால் ஒரு சொல்லைத் தனியே நீட்டி 'இது என்ன வகை' என்று கேட்டால் பாதி நேரம் பதிலே கிடையாது. வாக்கியத்தைக் கொண்டுவாருங்கள், அப்புறம் சொல்லலாம். தேர்விலும் எந்தக் கணக்கில் கேட்கிறார்கள் என்று பாருங்கள், தரப்பட்ட நான்கு விடைகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கேள்வி: டிரான்சிட்டிவ், இன்டிரான்சிட்டிவ் வித்தியாசம் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளுக்குப் புரிகிறது. ஆனால் எழுதும்போது 'தி ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பண்ட்', 'வி டிஸ்கஸ்ட் அபவுட் இட்' என்றே எழுதுகிறார்கள். தெரிந்தும் ஏன் தவறுகிறது?
– ஆசிரியை, விருத்தாசலம்

பதில்: பிள்ளைகள் விதியை மறப்பதால் நடப்பதில்லை இது, டீச்சர். தமிழில் யோசித்து உருபைப் பார்த்து எழுதுகிறார்கள். நம் உருபுகள் சில இடத்தில் உதவும், சில இடத்தில் தவறான பக்கம் இழுக்கும்.

செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று தமிழ் வகுப்பில் அவர்கள் ஏற்கெனவே படித்ததுதான் இது. 'எதை, யாரை' என்று கேட்டால் பதில் வந்தால் குன்றா வினை, அதாவது டிரான்சிட்டிவ். 'எங்கே, எப்போது, எப்படி' என்பதற்கு மட்டும் பதில் வந்தால் இன்டிரான்சிட்டிவ். இதுவரை சரி. சிக்கல் எங்கே என்றால், தமிழில் 'ஐ' உருபு வரும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் நேரடி ஆப்ஜெக்ட் வருவதில்லை. பாட்டைக் கேட்டேன் என்கிறோம், அதனால் பையன் 'ஐ லிசன் சாங்ஸ்' என்று எழுதுகிறான், 'லிசன் டு' என்று இருக்க வேண்டும். தலைகீழாகவும் நடக்கும். அறைக்குள் நுழைந்தான், அவளோடு கல்யாணம், அதைப் பற்றி விவாதித்தோம் என்று தமிழில் ஒட்டு இருப்பதால் 'என்டர்ட் இன்டு தி ரூம்', 'மேரீட் வித் ஹெர்', 'டிஸ்கஸ்ட் அபவுட்' என்று வருகிறது. 'என்டர்', 'மேரி', 'டிஸ்கஸ்' மூன்றும் ஆப்ஜெக்டை நேராகவே பிடிப்பவை, நடுவில் ஒட்டு வேண்டாம். 'எனக்கு விளக்குங்கள்' என்பதை 'எக்ஸ்ப்ளெயின் மீ' என்று சொல்வதும் இதே ரகம். 'டெல் மீ', 'ஷோ மீ', 'கிவ் மீ' சரி. 'எக்ஸ்ப்ளெயின்', 'டிஸ்க்ரைப்', 'சஜஸ்ட்' மூன்றுக்கும் 'டு மீ' போட வேண்டும்.

'வாஸ் ஹேப்பண்ட்' வேறு கதை. விபத்து தானாக எதையும் செய்வதில்லை, அதனால் இது பாசிவ் ஆகத்தான் இருக்க வேண்டும் என்று பிள்ளை நினைக்கிறது, நினைப்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஆனால் பாசிவ் என்பது ஆப்ஜெக்டை எடுத்து முன்னால் வைக்கிற வேலை. இன்டிரான்சிட்டிவ் வினைக்கு ஆப்ஜெக்டே இல்லை, எதை எடுத்து முன்னால் வைப்பது? 'ஹேப்பன்', 'அக்கர்', 'டை', 'அரைவ்', 'டிஸப்பியர்', இவற்றுக்கு முன்னால் 'வாஸ்' போட்டு மூன்றாம் வடிவம் எழுதிப் பாசிவ் ஆக்க முடியாது. விதியைவிட இந்தக் காரணத்தைச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. தமிழ் இந்த வேறுபாட்டை வினைக்குள்ளேயே காட்டிவிடும். கண்ணாடி உடைந்தது, கண்ணாடியை உடைத்தான். பந்து உருண்டது, பந்தை உருட்டினான். ஆங்கிலத்தில் 'தி கிளாஸ் ப்ரோக்', 'ஹி ப்ரோக் தி கிளாஸ்', இரண்டுக்கும் ஒரே 'ப்ரோக்'தான். 'ஓப்பன்', 'மூவ்', 'ஸ்டாப்', 'சேஞ்ச்', 'டர்ன்' எல்லாம் இந்த மாதிரி இரண்டு பக்கமும் போகும். (தமிழிலும் 'திற' அப்படித்தான், கதவு திறந்தது, கதவைத் திறந்தான்.) ஆனால் ஆங்கிலமும் ஒரு காலத்தில் நம்மைப் போல இணை வினைகள் வைத்திருந்தது, அதன் மிச்சம் இன்றும் உண்டு. 'லை' என்றால் படுத்திரு, 'லே' என்றால் கிடத்து. 'ரைஸ்' எழு, 'ரெய்ஸ்' எழுப்பு. 'சிட்' உட்கார், 'செட்' வை. 'ஃபால்' விழு, 'ஃபெல்' என்றால் மரத்தை வெட்டி வீழ்த்து. எழு–எழுப்பு, விழு–வீழ்த்து என்று பக்கத்தில் எழுதிக் காட்டினால் வேறு விளக்கமே தேவைப்படாது. 'லை' என்பதன் இறந்த காலமும் 'லே' என்று இருப்பதால் ஆங்கிலேயர்களே அங்கே தடுமாறுகிறார்கள், அதை மட்டும் தனியாக ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகன் 'ஹி இஸ் கோ டு ஸ்கூல்' என்று எழுதுகிறான். 'இஸ்' வேண்டாம் என்று சொன்னால் அடுத்த நாள் 'மை ஃபாதர் டிரைவர்' என்று எழுதி வைக்கிறான். எப்படிச் சொல்லிக்கொடுப்பது அம்மா? எனக்கும் ஆங்கிலம் அவ்வளவாக வராது.
– வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: உங்களுக்கு ஆங்கிலம் வராதது இதற்குத் தடையே கிடையாது, தமிழ் தெரிந்தால் போதும், உண்மையாகவே சொல்கிறேன்.

'என் அப்பா டிரைவர்.' இதில் வினைச்சொல் எங்கே? கிடையாது. தமிழ் வாக்கியம் வினை இல்லாமல் நிமிர்ந்து நிற்கும். ஆங்கிலத்தில் அது நடக்காது, எந்த வாக்கியத்திலும் ஒரு வினை இருந்தே ஆக வேண்டும். வேறு வினை இல்லாத இடத்தில் அந்த நாற்காலியில் உட்காருவதுதான் 'ஆம், இஸ், ஆர்'. இதைத் திருத்தும்போது பெரும்பாலும் 'இஸ் போடு, இஸ் போடு' என்று மட்டும் சொல்லிவிடுகிறோம், பிள்ளை எல்லா இடத்திலும் போட ஆரம்பித்துவிடுகிறது.

மகனை முதலில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், பிறகு வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். 'அவன் என் தம்பி', 'சாப்பாடு சூடு'. வினை இல்லை, அப்போது 'இஸ்' உண்டு. 'அவன் ஸ்கூலுக்குப் போகிறான்'. வினை இருக்கிறது, 'இஸ்' வேண்டாம், 'ஹி கோஸ்'. 'போய்க்கொண்டிருக்கிறான்' என்று சொன்னானா? அந்தக் 'கொண்டிரு' வாலுக்கு 'இஸ் கோயிங்'. 'போயிருக்கிறான்' என்றால் வால் வேறு, அதற்கு 'ஹேஸ் கான்'. பார்த்தீர்களா, நம் 'இரு'வும் துணைவினைதான். நாம் வாலாக ஒட்டுகிறோம், அவர்கள் தலையாக வைக்கிறார்கள். அதற்குத்தான் ஹெல்பிங் வெர்ப் என்று பெயர்.

'பி' என்ற இந்த ஒரு வினைக்கு மட்டும் எட்டு வடிவங்கள் உண்டு: பி, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீயிங், பீன். ஆங்கிலத்தில் வேறெந்த வினைக்கும் இத்தனை இல்லை. அதனால் மகனுக்கு இது கஷ்டமாக இருப்பதில் ஆச்சரியமில்லை, திட்டாதீர்கள்.

கொஞ்சம் வளர்ந்ததும் இன்னொன்று சொல்லிக்கொடுங்கள். 'டிட் நாட்' வந்துவிட்டால் பின்னால் 'வென்ட்' வராது, 'கோ'தான். 'டஸ்' வந்தால் 'கோஸ்' வராது. காலத்தை ஒரு வாக்கியத்தில் ஒரு தடவை காட்டினால் போதும், அந்தப் பாரத்தைத் துணைவினை தூக்கிக்கொள்கிறது, பின்னால் வரும் வினை வெறும் வடிவத்தில் நிற்கிறது.

இதோடு சேர்ந்ததுதான் லிங்கிங் வெர்ப், அதாவது எழுவாயை அதன் தன்மையோடு இணைத்து வைக்கும் வினை. இதைப் பற்றி மூன்று கடிதங்கள் வேறு வந்திருந்தன, இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'தி மில்க் ஸ்மெல்ஸ் பேட்' சரியா, 'பேட்லி' சரியா? 'ஸ்மெல்ஸ்' இருக்கும் இடத்தில் 'இஸ்' வைத்துப் பாருங்கள். 'தி மில்க் இஸ் பேட்', பொருள் நிற்கிறது. அப்படி நின்றால் அது லிங்கிங், பின்னால் அட்ஜெக்டிவ், எனவே 'பேட்'. 'லுக்', 'ஃபீல்', 'டேஸ்ட்', 'சவுண்ட்', 'சீம்', 'பிகம்' எல்லாவற்றுக்கும் இதே சோதனை. 'ஷி லுக்ஸ் ஆங்ரி' என்றால் கோபமாகத் தெரிகிறாள். 'ஷி லுக்ட் ஆங்ரிலி அட் ஹிம்' என்றால் அவனைக் கோபமாகப் பார்த்தாள், இங்கே 'வாஸ்' வைத்தால் வாக்கியம் உடைந்துவிடும், ஆகவே இது செயல்.

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கிறேன். 'ஐ ஆம் ஹேவிங் டூ அக்கவுன்ட்ஸ்', 'ஐ ஆம் நாட் நோயிங்' என்று நான் பேசுவது தவறு என்று புதிதாக வந்த மேனேஜர் சொல்கிறார். ஸ்டேடிவ் வெர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னார். அப்படியானால் மெக்டொனால்ட்ஸ் விளம்பரத்தில் 'ஐ ஆம் லவிங் இட்' என்று மட்டும் எப்படி எழுதுகிறார்கள்?
– வாசகர், சேலம்

பதில்: நல்ல கேள்வி, இந்த இதழுக்கு வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

முதலில் நீங்கள் ஏன் 'நோயிங்' என்கிறீர்கள் என்று பார்ப்போம். தமிழில் 'கிறு' என்ற ஒரே இடைநிலை இரண்டு வேலை பார்க்கிறது. 'நான் தினமும் வாக்கிங் போகிறேன்' என்பதும் போகிறேன், 'இதோ, கடைக்குப் போகிறேன்' என்பதும் போகிறேன். ஆங்கிலம் இவற்றை 'ஐ கோ', 'ஐ ஆம் கோயிங்' என்று பிரித்து வைக்கிறது. நாம் நிகழ்காலம் என்றாலே 'இங்' என்று எடுத்துக்கொண்டுவிட்டோம்.

பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு குறுக்குவழி சொல்கிறேன். தமிழில் 'நான்' என்று தொடங்காமல் 'எனக்கு' என்று தொடங்கும் வினைகளை நினைத்துப் பாருங்கள். எனக்குத் தெரியும், எனக்குப் புரிகிறது, எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குத் தேவை, எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது ஆங்கிலத்தில் சொல்லுங்கள்: நோ, அண்டர்ஸ்டாண்ட், லைக், வான்ட், நீட், ரிமெம்பர். ஸ்டேடிவ் பட்டியலின் முக்கியமான பகுதி அப்படியே வந்துவிட்டது! இது தற்செயல் இல்லை. இவையெல்லாம் நாம் கையைக் காலை அசைத்துச் செய்கிற காரியங்கள் கிடையாது, நமக்குள் இருக்கிற நிலை. தமிழ் அந்த வேறுபாட்டை 'எனக்கு' என்று காட்டுகிறது, ஆங்கிலம் 'இங்' தராமல் காட்டுகிறது.

நூற்றுக்கு நூறு பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'எனக்குக் கிடைக்கிறது' என்பதற்கு வரும் 'கெட்' தாராளமாக 'இங்' எடுக்கும். 'நான் நம்புகிறேன்' என்று 'நான்' போட்டாலும் 'பிலீவ்' ஸ்டேடிவ்தான். எனக்குப் பசிக்கிறது என்பதற்கு வினையே வேண்டாம், 'ஐ ஆம் ஹங்ரி' போதும். ஆனாலும் அன்றாடப் பேச்சில் தவறு வரும் இடங்களில் பெரும்பாலானவற்றை இந்த 'எனக்கு' காப்பாற்றிவிடும்.

'ஹேவ்' என்பதற்கு: சொந்தமாக இருக்கிறது என்ற பொருளில் 'ஹேவிங்' வராது. 'ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்', 'தி கஸ்டமர் ஹேஸ் டூ அக்கவுன்ட்ஸ்'. சாப்பிடுவது, கூட்டம் நடத்துவது என்று செயலானால் வரும், 'வி ஆர் ஹேவிங் லஞ்ச்', 'வி ஆர் ஹேவிங் எ மீட்டிங்'. சாம்பாரில் உப்புப் பார்க்கிறாள் என்றால் 'ஷி இஸ் டேஸ்டிங் தி சாம்பார்', சாம்பார் உப்புக் கரிக்கிறது என்றால் 'தி சாம்பார் டேஸ்ட்ஸ் சால்ட்டி'. ஒரே வினை, ஒரே அடுப்படி, இரண்டு வகை.

விளம்பரத்துக்கு வருவோம். அந்த வாசகம் 2003-இல் வந்தது. 'ஐ லவ் இட்' என்றால் எனக்கு அது பிடிக்கும், நேற்றும் பிடித்தது, நாளையும் பிடிக்கும். 'ஐ ஆம் லவிங் இட்' என்றால் இதோ இந்த நிமிஷம், கடித்துக்கொண்டிருக்கும்போது, ரசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நிலையை நடந்துகொண்டிருக்கும் அனுபவமாக மாற்றிக் காட்டுகிறார்கள், ஆங்கிலம் பேசுகிறவர்கள் பேச்சில் இப்படி வேண்டுமென்றே செய்வதுண்டு. 'நோ' என்ற வினையில் அப்படிச் செய்ய இடமே இல்லை, ஏனென்றால் தெரிவது என்பது இந்த நிமிஷம் நடந்து முடிகிற ஒன்றல்ல. எனவே உங்கள் மேனேஜர் சொன்னது சரி, விளம்பரமும் சரி.

கேள்வி: 'ஐ கேன் ஏபிள் டு டூ இட்' தவறா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: தவறு. 'கேன்' என்றாலே முடியும், 'ஏபிள் டு' என்றாலும் முடியும், இரண்டில் ஒன்று போதும். 'ஐ கேன் டூ இட்' அல்லது 'ஐ ஆம் ஏபிள் டு டூ இட்'.

கேன், குட், மே, மைட், ஷேல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்ற இந்த ஒன்பதும் மோடல், அதாவது முடியும், கூடும், வேண்டும் என்பது போன்ற பொருள் தரும் துணைவினைகள். இவை 'எஸ்' சேர்க்காது, 'இங்' ஏற்காது, பின்னால் வரும் வினையை எப்போதும் வெறும் வடிவத்தில்தான் கேட்கும். 'குட் வென்ட்' கிடையாது, 'குட் கோ'. இரண்டு மோடல் பக்கத்தில் பக்கத்தில் நிற்காது, அதனால் நாளை முடியும் என்று சொல்ல 'வில் கேன்' என்று வராமல் 'வில் பி ஏபிள் டு' வருகிறது, 'ஏபிள் டு' பிழைப்பதே இப்படிப்பட்ட இடங்களில்தான். 'மஸ்ட்' என்பதற்கு இறந்த காலம் இல்லை, நேற்று போக வேண்டியிருந்தது என்றால் 'ஹேட் டு கோ'.

ஒரு எச்சரிக்கை மட்டும். 'யூ மஸ்ட் நாட் கம்' என்றால் வரக்கூடாது. 'யூ டோன்ட் ஹேவ் டு கம்' என்றால் வர வேண்டியதில்லை, வந்தாலும் தப்பில்லை. வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டவரிடம் இதை மாற்றிச் சொல்லிவிட்டால் உறவே கெட்டுப்போகும்.

கேள்வி: கோ‑வென்ட்‑கான், டேக்‑டுக்‑டேக்கன் என்று மூன்று வடிவங்களை அந்தக் காலத்திலிருந்தே உருப்போட வைக்கிறார்கள். இவற்றுக்கு ஒழுங்கு என்று ஒன்றுமே இல்லையா? ஏன் இப்படி ஒரு மொழி?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: ஒழுங்கு இருந்தது, பழையது. 'சிங்‑சாங்‑சங்', 'டிரிங்க்‑டிராங்க்‑டிரங்க்', 'ரிங்‑ராங்‑ரங்' என்று உள்ளே உயிரெழுத்தை மாற்றிக் காலம் காட்டுவது பழைய ஜெர்மானிய மொழிகளின் வழக்கம். இப்படி மாறுபவற்றை வலிய வினை என்றும், ஒட்டுச் சேர்த்துக் காலம் காட்டுபவற்றை மெலிய வினை என்றும் பெயரிட்டவர் ஜேக்கப் கிரிம், 1819-இல் வெளியான அவருடைய ஜெர்மன் இலக்கண நூலில். ஆமாம், தேவதைக் கதைகள் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர்தான், அவர் பெரிய மொழியியல் அறிஞர்.

காலப்போக்கில் நிறைய வினைகள் 'எட்' பக்கம் போய்விட்டன. 'ஹெல்ப்' என்பதற்கு இன்று 'ஹெல்ப்ட்' என்கிறோம், 1611-இல் அச்சான ஆங்கில பைபிளில் 'ஹோல்பன்' என்று இருக்கும். இன்று புழக்கத்தில் மிஞ்சியிருக்கும் இர்ரெகுலர் வினைகள் 200-ஐ ஒட்டித்தான். அப்படியானால் எவை தப்பித்தன? தினமும் வாயில் புழங்கியவை. பி, ஹேவ், டூ, சே, மேக், கோ, டேக், கம், சீ, கெட், இந்தப் பத்தும் ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் பயன்படும் வினைகள், பத்துமே இர்ரெகுலர். அடிக்கடி கேட்டதால் ஒவ்வொரு தலைமுறைக் குழந்தையும் பழைய வடிவத்தை அப்படியே பிடித்துக்கொண்டது, எப்போதாவது கேட்ட வினைகளுக்குப் பழைய வடிவம் நினைவுக்கு வராமல் 'எட்' போட்டுக்கொண்டார்கள். புதிதாக வரும் வினை எதுவும் இர்ரெகுலராக வருவதில்லை, 'கூகுள்' என்பதற்கு 'கூகுள்டு', அவ்வளவுதான். 'வென்ட்' என்பது 'கோ'வின் வடிவமே இல்லை, 'வெண்ட்' என்ற வேறொரு வினையின் இறந்த காலம், இடையில் வந்து ஒட்டிக்கொண்டது.

'ஏன் இப்படி ஒரு மொழி' என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடு – ஓடினான். போடு – போட்டான். எடு – எடுத்தான். வா – வந்தான். சா – செத்தான். இதைப் படிக்க வரும் வெளிநாட்டுக்காரரும் நம்மைப் பார்த்து அதையேதான் கேட்பார். 

உருப்போடும்போது அகரவரிசையில் போகாதீர்கள், குடும்பமாகச் சேருங்கள். 'கட்', 'புட்', 'ஷட்', 'ஹிட்', 'காஸ்ட்' மூன்று வடிவமும் ஒன்றே, 'கட்டட்' கிடையாது. 'டீச்‑டாட்', 'கேட்ச்‑காட்', 'பை‑பாட்', 'பிரிங்‑பிராட்' ஒரு குடும்பம். ஒவ்வொன்றையும் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள், தனிச்சொல்லாகப் படித்தது பரீட்சை முடிந்த மறுநாள் போய்விடும்.

கேள்வி: ஆபீஸ் மெயிலில் 'ஐ லுக் ஃபார்வர்டு டு மீட் யூ' என்று எழுதினேன். 'மீட்டிங்' என்று திருத்தினார்கள். 'டு' வந்தால் பின்னால் வெறும் வினை வர வேண்டும் என்றுதானே படித்தோம்?
– வாசகர், ஓசூர்

பதில்: 'டு' இரண்டு உண்டு. 'ஐ வான்ட் டு மீட்' என்பதில் இருப்பது இன்ஃபினிட்டிவின் 'டு'. 'லுக் ஃபார்வர்டு டு' என்பதில் இருப்பது வெறும் ப்ரெபொசிஷன், 'சென்னைக்கு' என்பதில் இருக்கும் 'கு' மாதிரி. பின்னால் ஒரு பெயர்ச்சொல் வைத்துப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்டு டு தி ஹாலிடேஸ்' நிற்கிறதா? நிற்கிறது. அப்படியானால் அங்கே வினையையும் பெயராக்கித்தான் வைக்க வேண்டும், 'மீட்டிங்'. 'ஐ ஆம் யூஸ்டு டு வெயிட்டிங்' என்றால் காத்திருந்து பழகிவிட்டது, 'ஐ யூஸ்டு டு வெயிட்' என்றால் முன்பெல்லாம் காத்திருப்பேன், அதுவும் இதே வேறுபாடுதான்.

ஜெரண்ட், இன்ஃபினிட்டிவ் என்ற பெயர்கள் மிரட்டுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். நம்மிடம் தொழிற்பெயர், வினையெச்சம் என்று இருப்பவைதான். 'ஹி ஸ்டாப்ட் டாக்கிங்', பேசுவதை நிறுத்தினான். 'ஹி ஸ்டாப்ட் டு டாக்', பேச நின்றான். 'பேசுவது' தொழிற்பெயர், 'பேச' எச்சம், கச்சிதமாகப் பொருந்துகிறது. எல்லா இடத்திலும் இப்படிப் பொருந்தாது, 'என்ஜாய்', 'அவாய்ட்', 'ஃபினிஷ்', 'மைண்ட்', 'சஜஸ்ட்' ஐந்தும் 'இங்' மட்டுமே கேட்கும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக மெயிலில் அதிகம் வரும் தவறு 'சஜஸ்ட் டு மீட்' என்று 'டு'வோடு வினையைப் போடுவதுதான்.

கேள்வி: ஃப்ரேசல் வெர்ப் எத்தனை படித்தாலும் தீரவில்லை. எந்த அகராதி வாங்கலாம்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: வினையோடு 'அப்', 'ஆஃப்' போன்ற சின்னச் சொல் சேர்ந்து வேறு பொருள் தருவதுதான் ஃப்ரேசல் வெர்ப். தீராது, தீர்க்கவும் வேண்டாம். 'கிவ் அப்', 'புட் ஆஃப்', 'லுக் ஆஃப்டர்', 'ரன் அவுட் ஆஃப்' என்று வழக்கத்தில் கண்ணில் படுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும்: 'புட் ஆஃப்' பிரியும், 'இட்' வந்தால் நடுவில்தான் உட்காரும், 'புட் இட் ஆஃப்'. 'லுக் ஆஃப்டர்' பிரியாது, 'லுக் ஆஃப்டர் இட்'.

அகராதி வாங்கினால் கற்போருக்கான அகராதியாக வாங்குங்கள். இந்த வகைக்கு வழிகாட்டியவர் ஏ.எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். மாணவர்களுக்குச் சொல்லின் பொருள் தெரிந்தும் வாக்கியத்தில் வைக்கத் தெரியாதது ஏன் என்ற கேள்வியிலிருந்து, ஒவ்வொரு வினைக்குப் பின்னாலும் எது வரலாம் என்று காட்டும் அகராதி ஒன்றைத் தம் சகாக்களோடு சேர்ந்து செய்தார். 1942-இல் டோக்கியோவில் வெளியானது, பிறகு ஆக்ஸ்ஃபோர்டு அதை 1948-இல் வெளியிட்டது, இன்று அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் என்று நாம் வாங்குவது அதன் வழி வந்ததுதான். ஒரு வினையைத் தேடினால் பொருளோடு நிற்காமல் டிரான்சிட்டிவா என்ற குறிப்பையும், உதாரண வாக்கியத்தையும் படியுங்கள். அங்கேதான் அந்தப் புத்தகத்தின் விலை இருக்கிறது.

கேள்வி: சலூனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டேன் என்பதற்கு 'ஐ கட் மை ஹேர்' என்றேன். நண்பர் சிரிக்கிறார். ஏன்?
– வாசகர், திருப்பத்தூர்

பதில்: நீங்களே கத்தரிக்கோலை எடுத்துக் கண்ணாடி முன்னால் நின்று வெட்டிக்கொண்டதாக அவர் புரிந்துகொண்டார். 'ஐ ஹேட் மை ஹேர் கட்' என்று சொல்ல வேண்டும். அடுத்தவரைக் கொண்டு ஒரு வேலையைச் செய்வித்தால் 'ஹேட்' முதலில், பொருள் நடுவில், மூன்றாம் வடிவம் கடைசியில். 'ஐ ஹேட் மை பைக் சர்வீஸ்ட்', 'ஷி ஹேட் எ பிளவுஸ் ஸ்டிச்ட்'. செய்தவரைச் சொல்ல வேண்டுமானால் நான்கு வழி உண்டு, அழுத்தம் வேறு வேறு: 'ஐ மேட் ஹிம் கோ' கட்டாயப்படுத்திப் போகவைத்தேன், 'ஐ ஹேட் ஹிம் கோ' பொறுப்பைக் கொடுத்து அனுப்பினேன், 'ஐ காட் ஹிம் டு கோ' எப்படியோ பேசிச் சம்மதிக்கவைத்தேன், 'ஐ லெட் ஹிம் கோ' போக விட்டேன். 'டு' வருவது 'காட்' இருக்கும் இடத்தில் மட்டும். நண்பரிடம் அடுத்த தடவை 'ஐ காட் மை ஹேர் கட்' என்றும் சொல்லலாம், பேச்சில் அதுதான் அதிகம்.